வரி ஓரத்தில் முறியும் சொல்

அடுத்த இதழிலிருந்து, வரி முடிவில் சொல்லை எங்கே முறிப்பது என்பதற்கு ஒரு நெறி வைத்துக்கொள்ளப் போகிறோம். இரண்டு பத்திப் பக்கத்தில் தமிழை நிரப்பிப் பார்த்தவர்களுக்கு இதன் தொல்லை தெரியும். நம் முகவரியையே எடுத்துக்கொள்ளுங்கள். தில்லி ஆர்.கே.புரம் என்றால் வம்பில்லை. ‘இராமகிருஷ்ணபுரத்திலிருந்து’ என்று விரித்து எழுதிவிட்டால், மென்பொருள் ‘இராமகிரு’வை மேலே விட்டுவிட்டு ‘ஷ்ணபுரத்திலிருந்து’ என்று அடுத்த வரியைத் தொடங்கிவிடக்கூடும். ஒற்றில் வரி தொடங்கலாகாது என்பது அச்சுக்கோப்பவர்களின் பாலபாடம். ஆனால் அதை மட்டும் காப்பாற்றினால் போதாது. ‘பெரு’ மேலே நின்று ‘மாள்’ கீழே விழுந்தால் பெருமாளுக்கே சாபம் கொடுத்ததாகிறது. ‘கவி’ ஒரு வரியிலும் ‘தை’ மறு வரியிலும் வந்தால் பொங்கல் மலர்தான்.

ஆங்கிலத்திலும் இந்தச் சண்டை உண்டு. அமெரிக்க அகராதிகள் பெரும்பாலும் ஒலியைப் பார்த்து உடைக்கும். பிரிட்டிஷ் மரபு சொல்லின் பிறப்பைப் பார்க்கும். ‘ப்ராஜெக்ட்’ என்ற சொல் திட்டம் என்னும் பெயரானால் ஜே எழுத்துக்குப் பின்னும், திரையில் வீழ்த்து என்னும் வினையானால் அதற்கு முன்னும் முறியும். எழுத்துக்கூட்டு இரண்டுக்கும் ஒன்றே. டொனால்ட் நூத்தின் ‘டெக்’ என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்குச் சொல்முறிக்கும் வழியை வகுத்தவர் ஃபிராங்க் லியாங். 1983-இல் ஸ்டான்ஃபோர்டில் அதுவே அவரது முனைவர் பட்ட ஆய்வு. 4447 எழுத்துக் கோலங்களை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தையே வெட்டுகிறது அது. கூடவே 14 சொற்களுக்கு விதிவிலக்குப் பட்டியல். அதில் ‘ப்ராஜெக்ட்’, ‘ப்ரெசென்ட்’ இரண்டும் உண்டு; அவற்றில் முறிக்கும் கோடு எங்குமே விழாது. பொருள் புரியாத இடத்தில் இயந்திரம் கையை எடுத்துக்கொள்கிறது. எங்களுக்குப் பிடித்தது இந்த அடக்கம்.

நம்மிடமும் இரண்டு கட்சியும் பழையவை. யாப்பு ஓசையைக் கேட்டு நேர், நிரை என்று அசை பிரிக்கும். சீருக்காகச் சொல் நடுவில் வெட்டுப்பட்டால் வகையுளி என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விடும். 1950களில் மர்ரே எஸ். ராஜம் பழைய நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் கொண்டுவந்தபோது பொருளைப் பார்த்தார். உரைநடைக்கு ராஜத்தின் கட்சியே சரி. ஆகவே ‘பல்கலைக்’ ஒரு வரி, ‘கழகம்’ மறு வரி. ‘பல்க’ என்று தொங்கவிட மாட்டோம்.

சிக்கல் புணர்ச்சியில்தான். ‘மரமில்லை’ என்பதில் இரு சொல்லும் சந்திக்கும் இடம் ‘மி’ என்ற எழுத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. அதை எந்தக் கத்தியாலும் பிளக்க முடியாது. அத்தகைய இடங்களில் ‘மரம் இல்லை’ என்று இடம் விட்டே அச்சிடுவோம். இலக்கணப் புலிகள் உறுமலாம்.

நீளச்சொல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1961-இல் அமைந்த அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் பல்லாண்டு இயங்கியது இதே ஆர்.கே.புரத்தின் வெஸ்ட் பிளாக்கில். புதுச்சொல் ஆக்க ஆணையம் உண்டு. ஆக்கிய நீளச்சொல் பத்திக்குள் அடங்குமா என்பது எங்களைப் போன்றவர்கள் தலையில்.

கவிதைகளுக்கு இந்த நெறி கிடையாது. கவிஞர் முறித்த இடத்திலேயே வரி முறியும்; பத்தியில் அடங்காவிட்டால் எழுத்தின் அளவைக் குறைத்துக்கொள்வோம்.