சான்றிதழைப் பார்க்காமல் உள்ளே விடலாமா?

2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் வீட்டு ஓடு பறந்து, பீரோவில் இருந்த பள்ளி ஆண்டு மலர்களும் குரூப் போட்டோக்களும் பாதி நனைந்து போயின. மிச்சத்தை ஸ்கேன் செய்து கிளவுடில் ஏற்றி வருகிறேன். ஒவ்வொன்றாக இழுத்துப் போட எனக்குப் பொறுமை கிடையாது. ஆர்குளோன் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரு வரி கமாண்ட் அடித்தால் கோப்புறை முழுக்க ஏறிவிடும்.

போன வாரம் ஏற மறுத்துவிட்டது. சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது, அல்லது இன்னும் நடப்புக்கு வரவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பழைய மாணவனைக் கூப்பிட்டேன்.

"சாரே, கமாண்டுக்குப் பின்னால 'நோ செக் சர்டிபிகேட்'னு சேத்து அடிங்க. சரியாயிரும்."

"மக்கா, அப்போ யாருகிட்ட குடுக்கோம்னு பாக்காமலே குடுக்கச் சொல்லுதியா?"

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த யோசனையைத்தான் எல்லாரும் எல்லாருக்கும் சொல்கிறார்கள்.

நம்ம மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது லேசாகப் புரியும். பாறசாலைப் பக்கமிருந்து ஒரு பிள்ளை டி.சி.யோடு சேர வந்தால் என்ன பார்ப்போம்? பெயர் சரியா, தேதி சரியா, தலைமையாசிரியர் முத்திரை இருக்கிறதா. வெளி மாநிலம் என்பதால் அங்குள்ள கல்வி அதிகாரியின் மேலொப்பமும் வேண்டும். எஸ்எஸ்எல் சான்றிதழிலும் இதே மூன்றுதான்: பெயர், தேதி, நம் கணினி ஏற்கெனவே நம்புகிற ஒருவரின் மேலொப்பம். பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டால், நடுவில் எவன் உட்கார்ந்திருந்தாலும் என் கோப்புகளும், கணக்கைத் திறக்கும் டோக்கனும் அவன் கைக்குப் போகும். அந்தப் போட்டோக்களில் இருப்பது ஊரார் வீட்டுப் பிள்ளைகள்.

இது வெறும் பயம் அல்ல. 2014 ஜூலையில் நம் தேசிய தகவலியல் மையத்தின் சான்றிதழ் பிரிவிலிருந்தே, கூகுளின் முகவரிகளுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாகியிருந்தது தெரிய வந்தது. மேலொப்பம் இருந்ததால் விண்டோஸ் அவற்றை நம்பியிருக்கும். தனக்கென்று வேறு பட்டியல் வைத்திருந்த ஃபயர்பாக்ஸ் நம்பவில்லை. அந்தப் பிரிவின் சான்றிதழ்களை உடனே ரத்து செய்தார்கள். சரிபார்ப்பு இருந்தும் இந்தக் கதி, அதையும் நிறுத்திவிட்டால்?

சரி, என் பெட்டிக்கு என்ன கேடு? அதே முகவரியை செல்போனில் திறந்தேன், திறந்தது. ஆக, கோளாறு அந்தப் பக்கம் இல்லை. பிறகுதான் கணினியின் மூலையைப் பார்த்தேன்: தேதி 2009! தாய்ப்பலகையில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது. மழையில் கரண்ட் போய் வந்ததும் பெட்டி பழைய காலத்துக்குப் போய்விட்டது. 2009இல் நின்றுகொண்டு பார்த்தால் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை.

தேதி சரியாக இருந்தும் இது வந்தால், பழைய இயங்குதளத்தின் நம்பிக்கைப் பட்டியலைப் புதுப்பியுங்கள். 2021 செப்டம்பர் 30இல் ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது உலகம் முழுக்கப் பழைய கருவிகள் இப்படித்தான் முரண்டு பிடித்தன. ஆன்டிவைரஸ் நடுவில் புகுந்து தன் சான்றிதழை நீட்டுவதும் உண்டு.

வடசேரியில் பேட்டரி வாங்கிப் போட்டேன். 1988 ஆண்டு மலர் இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த வருஷத்துப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸில் வாருங்கள், படம் அனுப்புகிறேன். எந்த வகுப்பு என்று மட்டும் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.