சுவரைச் சுத்தம் செய்யத் தொழிலாளியின் உயிரா?

சுவரிலே இரவோடிரவாக யாரோ எழுதிவிட்டுப் போகிறார்கள். இரண்டொரு நாளில் சுவர் மறுபடி பளிச்சென்று ஆகிவிடுகிறது. போகிறவர்களும் வருகிறவர்களும் பார்த்து மெச்சுகிறார்கள். ஆனால் அந்த எழுத்தை அழித்தவன் யார்? எதைக் கொண்டு அழித்தான்? அழிக்கும்போது அவன் நெஞ்சுக்குள் போனது என்ன? இதைக் கேட்பார் உண்டா?

ஸ்வீடன் நாட்டில் கேட்டார்கள். ஸ்டாக்ஹோம் நகரத்துச் சுரங்க ரயிலில் சுவர் எழுத்துக்களை அழித்துவந்த 12 தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 1993ல் வெளிவந்தது. அவர்கள் சுவாசித்த காற்றை அளந்து பார்த்தார்கள். மெத்திலீன் குளோரைடு என்னும் கரைப்பானின் ஆவி, அந்நாட்டுச் சட்டம் அனுமதித்த அளவைப் போலப் பத்து மடங்கு வரை இருந்தது! சுவர் வெளுத்தது; தொழிலாளியின் நுரையீரல் விஷத்தைக் குடித்தது.

இந்த மெத்திலீன் குளோரைடு என்ன செய்யும்? தடவிய சில நிமிஷங்களில் பெயிண்ட் கொப்புளித்து எழும்பும்; தகட்டால் வழித்துவிடலாம். காண்டிராக்டருக்கு இதைவிட இனிமையான சரக்கு வேறில்லை. ஆனால் இது 40 டிகிரிச் சூட்டிலேயே கொதிக்கிற திரவம். நம் ஊர்ச் சித்திரை வெயிலின் சூடுதான் அது! திறந்து வைத்தால் ஆவியாய்ப் பறக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, குனிந்து வேலை செய்கிறவனின் முகத்தருகே தேங்கி நிற்கும்.

முதலில் தலை கிறுகிறுக்கும், பிறகு மயக்கம். மூடிய அறையானால் மூச்சே நின்றுவிடும். இன்னொரு கொடுமையும் உண்டு. உடம்புக்குள் போன இந்தத் திரவத்தை நம் உடம்பே கார்பன் மோனாக்சைடாக மாற்றுகிறது. மூடிய அறையில் கரியடுப்பு வைத்துப் படுத்தவர்களைக் கொல்கிறதே, அதே விஷம்! இதயம் பலவீனமானவனுக்கு இது எமன்.

இந்த உண்மை நேற்றுத் தெரிந்ததல்ல. அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதை 1972லேயே வெளியிட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகும் டப்பா டப்பாவாக விற்றார்கள். 1980 முதல் 2018 வரை அமெரிக்காவில் இந்த ரசாயனத்துக்குப் பலியானவர்கள் என்று கணக்கில் வந்தவர்கள் மட்டும் 85 பேர். அதில் 74 பேர் வேலை செய்துகொண்டிருக்கும்போது மாண்டவர்கள். குளியல் தொட்டிகளின் பழைய பூச்சை உரிக்கப்போன தொழிலாளர்களில் மட்டும் 2000 முதல் 2011க்குள் குறைந்தது 13 பேர் செத்தார்கள். சின்னஞ்சிறு குளியலறை, தொட்டிக்குள் குனிந்த தலை, தொட்டி நிறைய விஷ ஆவி. இது விபத்தா? கேடு தெரிந்தே விற்ற சரக்கினால் வந்த சாவை எப்படி விபத்து என்பது!

சட்டத்தின் லட்சணம்

அமெரிக்க சர்க்கார் என்ன செய்தது? 1997 வரை, பத்து லட்சம் பங்கு காற்றில் 500 பங்கு வரை இந்த ஆவி இருக்கலாம் என்றது சட்டம். அந்த ஆண்டு அதை 25 ஆகக் குறைத்தார்கள். 2024ல் வந்த புதிய விதியோ 2 பங்குக்கு மேல் கூடாது என்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்! ஒரு காலத்தில் "ஆபத்தில்லை" என்று சட்டம் சொன்ன அளவு, இன்றைய அளவைப் போல் 250 மடங்கு! நேற்று அந்த அளவை நம்பி உழைத்தவனுக்கு யார் பதில் சொல்வது?

இதைவிடக் கேவலம் 2019ல் நடந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் போராடின. பெரிய கடைகள் சில 2018லேயே இந்த மருந்தை விற்பதில்லை என்று அறிவித்தன. அதற்குப் பிறகே 2019ல் தடை வந்தது. யாருக்குத் தடை? கடையில் வாங்கி வீட்டில் உபயோகிக்கும் பொதுமக்களுக்கு விற்கக்கூடாது என்றார்கள். நல்லது. கூலிக்கு வேலை செய்கிறவனுக்கு? அவன் தொடர்ந்து உபயோகிக்கலாம். அவனுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருவது பற்றி யோசிக்கலாம் என்றார்கள்! செத்தவர்களில் பெரும்பாலோர் தொழிலாளிகள். காப்பாற்றப்பட்டதோ கடைக்கு வருகிற வாடிக்கையாளர்! விஷ ஆவி சான்றிதழைப் படித்துப் பார்த்து ஒதுங்கிப் போகுமா என்று நாம் கேட்கிறோம். பெரும்பாலான தொழில்களிலும் இதை விலக்கும் விதி வர 2024 ஆயிற்று. அதிலும் சில விதிவிலக்குகள் உண்டு. 1972லிருந்து 52 ஆண்டுகள்!

சொத்தை வாதங்கள்

"முகமூடி போட்டுக்கொண்டால் போதுமே" என்கிறார்கள். எந்த முகமூடி? சாதாரணக் கரி வடிகட்டி இந்த ஆவியை நம்பகமாகத் தடுக்காது. குழாய் மூலம் வெளியிலிருந்து சுத்தக் காற்று வர வேண்டும். கூலியிலேயே கத்தரி போடுகிற காண்டிராக்டரா அதை வாங்கித் தரப்போகிறான்? வயலில் மருந்தடிக்கும் நம் தோழனுக்கு முகத்தில் கட்டிய துண்டுதான் "பாதுகாப்பு". அந்தக் கதைதான் இங்கும்.

"மாற்று மருந்துகள் மெதுவாக வேலை செய்யும்" என்கிறார்கள். மெய்தான். பென்சைல் ஆல்கஹால், டைபேசிக் எஸ்டர் போன்றவற்றைக் கொண்ட மருந்துகளுக்குச் சில மணி நேரமோ, ஓர் இரவோ தேவைப்படும். தேவைப்படட்டுமே! மாலையில் தடவி மூடிவைத்துக் காலையில் வழித்தால் சுவரா ஓடிப்போய்விடும்? அவசரம் சுவருக்கல்ல, லாபத்துக்கு. ஒரு நாளில் இரண்டு வேலை முடித்து இரண்டு பில் போட வேண்டும் என்பதே அவசரம். ஆலையில் வேலைப்பளுவை ஏற்றும் முதலாளி சொல்லும் நியாயமும் இதுதானே?

ஸ்வீடன் 1996லேயே தொழில் உபயோகத்துக்கும் இதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009ல் முடிவெடுத்து, 2012க்குள் ஆலைக்கு வெளியே பெரும்பாலும் விலக்கியது. அங்கெல்லாம் சுவர் எழுத்தை அழிக்க முடியாமலா போயிற்று? சுவருக்கு முன்கூட்டியே மெழுகுப் பூச்சுக் கொடுத்தால், வெந்நீரைப் பீய்ச்சியே எழுத்தோடு அந்தப் பூச்சைக் கழுவிவிடலாம்.

ஆனால் "பாதுகாப்பானது" என்ற லேபிளைக் கண்டும் ஏமாறக்கூடாது. மெத்திலீன் குளோரைடுக்கு மாற்று என்று என்.எம்.பி. என்ற கரைப்பானை விற்றார்கள். அது கருவிலுள்ள சிசுவுக்குக் கேடு செய்யக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. ஒரு விஷத்தை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது பாதுகாப்பா, வியாபாரமா?

தோழர்களே! நம் ஊர் ஹார்டுவேர் கடைகளிலும் பெயிண்ட் ரிமூவர் டப்பா விற்கிறது. சுவரானாலும், கதவானாலும், ஆலை யந்திரமானாலும், உரிக்கச் சொன்னால் முதலில் கேளுங்கள்: டப்பாவுக்குள் என்ன இருக்கிறது? தெரிந்த மொழியில் எழுதியிருக்கிறதா? மெத்திலீன் குளோரைடு என்றால் வேறு மருந்து கொடு என்று கூட்டாகச் சொல்லுங்கள். எந்த மருந்தானாலும் காற்றோட்டமும், அதற்கேற்ற கையுறையும், கண்ணாடியும் இல்லாமல் தொடமாட்டோம் என்று சொல்லுங்கள். தனியாகச் சொன்னால் "நாளை முதல் வராதே" என்பான். சேர்ந்து சொன்னால் கேட்டே ஆகவேண்டும்.

சுவர் ஒரு நாள் அழுக்காய் இருந்தால் யாரும் சாகப்போவதில்லை. அதை ஒரு மணியில் வெளுக்க வைக்க, ஒரு தொழிலாளியின் மூச்சை விலையாகக் கொடுக்க நாம் சம்மதிக்க மாட்டோம்!