திரைக்குப் பின்னால் தொண்டர் யாருமில்லை

கலையைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் ‘தொண்டு’ என்கிற சொல்லின்மீது அளவு கடந்த பிரியம். மேடையில் ஆடுகிறவர் செய்வது கலை. அந்த மேடைக்கு விளக்குப் போடுகிறவர், திரை இழுக்கிறவர், உடுப்புக்கு இஸ்திரி போடுகிறவர், கணக்கு எழுதுகிறவர், இவர்கள் செய்வது தொண்டு. கலைக்குச் சன்மானம் உண்டு. தொண்டுக்கு நன்றியுரை உண்டு. அந்த நன்றியுரை எப்போது வரும் என்பதும் வாசகர்களுக்குத் தெரியும். பாதிக் கூட்டம் எழுந்து நின்று, காலால் செருப்பைத் துழாவிக் கொண்டிருக்கும்போது வரும்.

இந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. சண்டைக்கு உதாரணமாக நம் ஊர்ச் சபா எதையும் நான் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. எடுத்தால் என் வாதத்தை விட்டுவிட்டு, ‘இவன் யாரைக் குத்துகிறான்’ என்று துப்பறியக் கிளம்பி விடுவார்கள். ஆகவே கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே மெர்ஸ் கன்னிங்ஹாம் என்ற நடனமேதை ஒருவர் இருந்தார். 1953-ஆம் வருஷத்துக் கோடையில், வட கரோலினாவில் பிளாக் மவுண்டன் கல்லூரி என்ற இடத்தில் அவர் தம் குழுவை ஆரம்பித்தார். 58 வருஷங்கள் அது ஆடிற்று.

கன்னிங்ஹாமின் நடனத்தில் கதை கிடையாது. ராதை இல்லை, தோழி இல்லை, ‘இன்னும் வரவில்லையே’ என்கிற ஏக்கம் இல்லை. இது போகட்டும், நம் ரசிகர்களுக்குத் தூக்கிவாரிப்போடும் சங்கதி வேறொன்று இருக்கிறது. நடனத்தை ஒருவர் தனியாக அமைப்பார். சங்கீதத்தை இன்னொருவர் தனியாக அமைப்பார். காட்சி அமைப்பை மூன்றாமவர் தம் போக்கில் செய்வார். மூன்றும் ஒன்றையொன்று முதன்முதலாகச் சந்திப்பது பல சமயங்களில் அரங்கேற்றத்தன்றுதான். எந்தச் சங்கீதத்துக்கு ஆடுகிறோம் என்பதே ஆடுகிறவர்களுக்கு அன்று ராத்திரிதான் தெரியும். ஒத்திகையில் அவர்களுக்குத் தாளம் போட்டது ஸ்டாப் வாட்ச்.

இப்போது யோசித்துப் பாருங்கள். பாட்டின் அடியைக் கேட்டு விளக்கை மாற்ற முடியாது. ஜதி முடிந்ததென்று திரையை இறக்க முடியாது. பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் இல்லாத இடத்தில், அத்தனையையும் ஒரே மாலைப் பொழுதுக்குள் கட்டி நிறுத்த வேண்டியவர் பக்கத்திரைக்குப் பின்னால் நிற்கிற மேடை நிர்வாகி. கன்னிங்ஹாம் கண்ட சுதந்திரம் பெரிய சுதந்திரம்தான். அதன் பாரத்தைச் சுமந்த தோள்களில் அவருடையது ஒன்று, அவ்வளவே.

அந்தக் குழுவின் ஆரம்ப காலத்தைப் பற்றி எழுதுகிறவர் எவரும் ஒரு வோல்க்ஸ்வாகன் பஸ்ஸைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆறு ஆட்டக்காரர்கள், இரண்டு இசைக்காரர்கள், மேடை வேலை பார்க்க ஒருவர், ஆக ஒன்பது பேர். ஸ்டியரிங்கைப் பிடித்தவர் பல சமயம் ஜான் கேஜ். குழுவின் சங்கீத இயக்குநர், உலகப் பிரசித்தி பெற்ற இசை மேதை. அவருக்குக் காளான் சாஸ்திரத்தில் அபாரமான பாண்டித்தியம். 1959-ல் இத்தாலியில் ஒரு டெலிவிஷன் வினாடி வினாவில் காளானைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி ஐம்பது லட்சம் லிரா ஜெயித்தார். அந்தப் பணத்தில் ஒரு பகுதி குழுவின் வண்டிக்குப் போயிற்று.

கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. எனக்கும் பிடித்த கதை. ஆனால் இந்தக் கதையை யார் யார் எதற்காகச் சொல்லுகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். ஐந்து மாதச் சம்பளப் பாக்கி வைத்திருக்கிற ஒரு கலாஸ்தாபனத்தின் நிர்வாகி, தம் விளக்குக்காரனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட கதைகளைத்தான் சொல்லுவார். ‘அவர்களெல்லாம் பஸ்ஸில் அடைந்துகொண்டு போனார்கள் அப்பா! அதுதான் அர்ப்பணம்!’ பஸ்ஸில் போன ஒன்பது பேர் தங்கள் கஷ்டத்தைத் தாங்களே தேர்ந்துகொண்டார்கள். அதை ரசித்துப் பேசவும் அவர்களுக்குப் பாத்தியதை உண்டு. அதைக் காட்டி அடுத்தவன் வயிற்றில் அடிக்க இவருக்கு என்ன பாத்தியதை?

பஸ்ஸில் ஒன்பதாவது ஆளாக ஒருவர் இருந்தார் என்றேனே, அந்த இடத்தில் பலமுறை உட்கார்ந்தவர் ராபர்ட் ராஷென்பர்க். 1954 முதல் 1964 வரை குழுவின் காட்சி ஜோடனை, உடை, விளக்கு எல்லாவற்றையும் பெரும்பாலும் அவரே பார்த்துக்கொண்டார். 1963-ல் உருவான ‘ஸ்டோரி’ என்ற நடனத்துக்கு அவர் நிரந்தரமான ஜோடனை எதுவும் செய்யவில்லை. எந்த ஊர் அரங்கமோ, அந்த அரங்கத்தின் கொல்லையிலும் மூலையிலும் கிடைத்ததை எடுத்து அன்றைக்கு ஒரு ஜோடனை செய்வார். 1964-ல் இங்கிலாந்தில் டார்ட்டிங்டன் என்ற ஊரில் அவரும் அலெக்ஸ் ஹே என்பவரும் மேடையின் பின்பக்கம் நின்று சட்டைகளுக்கு இஸ்திரி போட்டார்கள். அதுதான் அன்றைய காட்சி ஜோடனை! எங்கேயோ இருட்டு அறையில், ஆவியிலும் வேர்வையிலும் நடக்கிற வேலையைத் தூக்கிக்கொண்டு வந்து ரசிகர் முன்னால் நிறுத்தினார்கள். அதே வருஷத்து ‘விண்டர்பிராஞ்ச்’ நடனத்தில் அவர் அமைத்த விளக்கு ஆட்டக்காரர்கள்மேல் விழ வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. சில சமயம் அவர்கள் இருட்டில் ஆடினார்கள். சில சமயம் வெளிச்சம் ரசிகர்களின் கண்ணில் அடித்தது. அந்த நடனத்தை அமைத்தவர் கன்னிங்ஹாம் மட்டும்தான் என்று எந்த நியாயஸ்தன் சொல்லுவான்?

1964-ல் அந்தக் குழு ஆறு மாதச் சுற்றுப்பயணமாக ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் போயிற்று. இந்தியாவுக்கும் வந்தது. ஆமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தார் வரவேற்றார்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் 1946-ல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு நம் சங்கீதத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தவர். பயணத்தின் நடுவே வெனிஸ் நகரத்துக் கண்காட்சியில் ராஷென்பர்க்குக்கு ஓவியத்துக்கான பெரிய பரிசு கிடைத்தது. பயணம் முடிந்தபோது அவர் குழுவை விட்டு விலகினார். இரண்டு மேதைகளின் மனஸ்தாபம் என்று இதைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு உறைப்பது வேறு. விளக்குப் போட்டவர் உலகப் புகழ் ஓவியராக இருந்தபடியால்தான் அவர் விளக்குப் போட்டதும் சரித்திரத்தில் ஏறிற்று. அவருக்குப் பின்னால் அதே ஏணியில் ஏறி, அதே கம்பியில் கை சுட்டுக்கொண்டவர்கள் வெனிஸில் பரிசு வாங்கவில்லை. ஆகவே அவர்கள் செய்தது தொண்டு!

1968-ல் ‘ரெயின்ஃபாரஸ்ட்’ என்று ஒரு நடனம். ஓவியர் ஆண்டி வார்ஹாலின் வெள்ளித் தலையணைகள் மேடையில் மிதக்கும். எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் அந்தப் படம் இருக்கும். வார்ஹால் என்ன நினைத்தார், கன்னிங்ஹாம் என்ன நினைத்தார் என்றெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். ஹீலியம் வாயுவை அளந்து நிரப்பினால்தான் தலையணை மிதக்கும். அதிகமானால் மேலே போய் ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் தரையில் படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு முறையும், அரங்கத்தின் காற்றுக்கும் சூட்டுக்கும் தகுந்தபடி ஒருவர் உட்கார்ந்து நிரப்ப வேண்டும். அந்த அழகில் கால்வாசி அவருடைய கைப்பக்குவம் என்று நான் சொன்னால் கலாரசிகர்கள் சிரிப்பார்கள். சமையற்காரர் உப்புப் போடாத சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

‘மேதை இல்லாவிட்டால் இவர்களெல்லாம் எங்கே?’ என்று கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். தலையணைக்கு வாயு அடைத்தவரும் கன்னிங்ஹாமும் சமம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லுவது அந்த மனிதருக்கே கேலியாக இருக்கும். ஆனால் நானும் ஒன்று கேட்கிறேன்: மேதை செத்துப்போன பிறகு நடனம் எங்கே? நான் எழுதிய நாவல், நான் போன பிறகும் அச்சில் கிடக்கும். கறையானோடு அது தன் வழக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். நடனத்துக்கு அப்படிக் கிடப்பதற்கு ஓர் இடம் இல்லை. ஆடியவர்களின் உடம்பில் கொஞ்சம் இருக்கும். மீதி, ஒரு குமாஸ்தாவின் அலமாரியில் இருக்கும்.

குமாஸ்தா என்று குறைத்துச் சொல்லவில்லை. டேவிட் வான் என்பவர் 1959-ல் கன்னிங்ஹாமின் நடனப் பள்ளி திறந்தபோது அலுவலக வேலைக்கு வந்தார். நிகழ்ச்சி நிரல், கடிதம், புகைப்படம், பத்திரிகைத் துண்டு என்று குப்பைக்கூடைக்குப் போகவேண்டியதையெல்லாம் காப்பாற்றினார். 1976-ல் குழுவின் ஆவணக் காப்பாளர் என்ற உத்தியோகமே அவருக்கு ஏற்பட்டது. 1997-ல் அந்த ஐம்பது வருஷச் சரித்திரத்தைப் புத்தகமாகவும் எழுதினார். இவ்வளவுக்கும் சம்பளம் வாங்கினார். சம்பளம் வாங்கினதால் அவருடைய பக்தி குறைந்து போயிற்று என்று யாரும் சொல்லக் காணோம்.

மார்த்தா கிரஹாமின் கதை இதற்கு நேர் எதிர். கன்னிங்ஹாமே இளமையில் அவர் குழுவில் ஆடியவர். நவீன நடனத்தின் தாய் என்று சொல்லத்தக்க அந்த அம்மாள் 1991-ல் காலமானார். 2000-ஆம் வருஷம் மே மாதம், கையில் பணமில்லை என்று அவருடைய ஸ்தாபனம் வேலையை நிறுத்திற்று. ஆட்டக்காரர்களும் ஊழியர்களும் தெருவில் நின்றார்கள். நடனங்கள் யாருக்குச் சொந்தம் என்று அவருடைய வாரிசுக்கும் ஸ்தாபனத்துக்கும் கோர்ட்டில் வழக்கு. 2002-ல் தீர்ப்பு வந்தது. தகராறில் இருந்த 70 நடனங்களில் 45 ஸ்தாபனத்துக்கே சொந்தம். ஏன் தெரியுமா? அவற்றில் மிகப் பலவற்றை அமைத்த காலத்தில் மார்த்தா கிரஹாம் அந்த ஸ்தாபனத்தின் சம்பள ஊழியராக இருந்தார்! வேலைக்காரர் செய்தது முதலாளிக்குச் சொந்தம் என்பது சட்டம். மேதை வேறு, சம்பளக்காரன் வேறு என்று கோடு கிழிக்கிறவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம். 2004-ல் அப்பீலிலும் அது பெரும்பாலும் நிலைத்துவிட்டது.

கன்னிங்ஹாமின் ஸ்தாபனம் இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். 2009-ஆம் வருஷம் ஜூன் மாதம், கன்னிங்ஹாம் 90 வயதில் உயிரோடிருக்கும்போதே, ஒரு திட்டத்தை வெளியிட்டார்கள். அவர் காலமான பிறகு குழு இரண்டு வருஷம் உலகம் சுற்றி ஆடும், பிறகு கலைந்துவிடும். நடனங்களின் உரிமை ஓர் அறக்கட்டளைக்குப் போகும். பல நடனங்களுக்குத் தனித்தனிப் பேழை: அதில் படம், இசை, உடையின் விவரம், மேடைக் குறிப்பு, விளக்கு எங்கே எப்போது எவ்வளவு என்கிற வரைபடம் எல்லாம் இருக்கும். இந்த மொத்தத் திட்டத்துக்கு 80 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். அதில் ஒரு பகுதியை, குழு கலையும்போது வேலை இழக்கப் போகிறவர்களுக்காக எடுத்துவைத்தார்கள். யாருக்கெல்லாம்? ஆட்டக்காரர்களுக்கு, இசைக்காரர்களுக்கு, ஊழியர்களுக்கும்!

அந்த ‘உம்’மைப் பார்க்கத்தான் உங்களை இவ்வளவு தூரம் இழுத்து வந்தேன். ‘ஊழியர்களின் தன்னலமற்ற தொண்டை ஸ்தாபனம் என்றென்றும் நினைவுகூரும்’ என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு அந்தப் பணத்தை மிச்சம் பிடித்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ‘அமெரிக்காவில் பணம் கொழிக்கிறது, செய்கிறார்கள்’ என்று சமாதானம் சொல்லுகிறவர்களுக்கு, 1963-ல் ஜான் கேஜும் ஜாஸ்பர் ஜான்ஸும் இந்தக் குழுவை மேடையேற்ற ஓவியர்களிடம் படங்களை யாசித்து, விற்று, நிதி சேர்த்தார்கள் என்பதை நினைவூட்டுகிறேன். மார்த்தா கிரஹாமின் ஸ்தாபனமும் அதே நியூயார்க்கில்தான் இருந்தது.

திட்டம் வெளியான மறுமாதமே, ஜூலை 26-ந் தேதி, கன்னிங்ஹாம் காலமானார். கடைசி ஆட்டம் நியூயார்க்கில், பார்க் அவென்யூவில் உள்ள பழைய ஆயுதசாலை மண்டபத்தில், 2011 டிசம்பர் 31-ந் தேதி இரவு நடந்தது. மூன்று மேடைகள், டிக்கெட் பத்தே டாலர். ஆட்டக்காரர்களுக்கு அன்றோடு வேலை முடிந்தது. கணக்கை முடிக்கிறவர்களுக்கும் காகிதங்களை அடுக்கிக் கட்டுகிறவர்களுக்கும் 2012-லும் வேலை இருந்தது. 87 வயது டேவிட் வான் அந்த வருஷமும் உத்தியோகத்தில் இருந்தார்.