சாட்சிகள் மறையுமுன்

கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டனர் கீழ்வெண்மணி விவசாயத் தொழிலாளர்கள். 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். கார் வைத்திருக்கும் சீமான்கள் நேரில் நடந்து சென்று தீ வைத்திருப்பார்களா என்று ஐயுற்ற உயர்நீதிமன்றம், மிராசுதார்களை விடுவித்தது!

தீர்ப்பு ஏட்டில் இருக்கிறது. தீயைக் கண்டவர்களின் சொல் எங்கே? 2005இல் பாரதி கிருஷ்ணகுமார் எடுத்த ‘ராமையாவின் குடிசை’ ஆவணப்படம் அவர்களைப் பேச வைத்தது. படத்தால் தீர்ப்பு மாறியதா என்று கேட்போர் உண்டு. மாறவில்லைதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால், ஏட்டில் ஏறாத சாட்சியம் மக்கள் மன்றத்தில் ஏறிவிட்டது.

ஆலையிலும் வயலிலும் போராடிய மூத்தோர் ஒவ்வொருவராக மறைகின்றனர். அவர்கள் வாய் மூடியபின் மிஞ்சுவது முதலாளியின் கணக்கும் போலீசின் குறிப்பும்தான். தோழர்களே, இன்றே சென்று கேட்போம், பதிவு செய்வோம்!