பால் வற்றிய மரமும் பசுமை வீடும்

பசுமைக் கட்டடம் என்றதும் சூரியத் தகடுகளே நம் நினைவுக்கு வருகின்றன. கெடாவில் சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் நிற்கும் ரப்பர் மரத்தை மறந்துவிடுகிறோம்.

நட்டு 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் மறுநடவுக்காக இம்மரம் வெட்டப்படும். ஒரு காலத்தில் அது வெறும் விறகு. கட்டையில் மாவுச்சத்து அதிகம் என்பதால், வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சையும் வண்டும் பிடித்துவிடும். உடனே பலகையாக அறுத்து, போரான் கரைசலை அழுத்தத்தில் ஏற்றி, வெப்ப அறையில் உலர்த்தும் முறை பரவிய பின் அதே கட்டை மேசை, நாற்காலியாகி ஏற்றுமதியாகிறது.

நம் வீட்டு உட்கதவுக்கும் மாடிப்படிக்கும் தரைப்பலகைக்கும் இதையே நாம் கேட்டு வாங்க வேண்டும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம். எரித்தால் அது உடனே காற்றில் கலக்கும். கதவானால் பல்லாண்டு வீட்டிலேயே தங்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். மழை படும் இடத்துக்கு இம்மரம் ஆகாது. போரான் கரைந்து வெளியேறிவிடும். காட்டை அழித்து ரப்பர் நட்டுவிட்டு அதைப் பசுமை என்பதும் ஏற்கத்தக்கதன்று.

தோட்டங்கள் தாமான்களாக மாறிவருகின்றன. நம் தலைமுறைகளுக்குச் சோறு போட்ட மரம் அந்த வீடுகளில் கதவாகவாவது இருக்கட்டும்.