அழிய மறுக்கும் கோப்பு: காரணம் அறிந்து நீக்குங்கள்

விண்டோஸ் கணினியில் ஒரு கோப்பு அழிய மறுத்தால், அதை வலுக்கட்டாயமாக நீக்கும் மென்பொருளை உடனே இணையத்தில் தேடுவது தவறு. மறுப்புக்குப் பெரும்பாலும் எளிய காரணம் உண்டு: வேறொரு செயலி அதைத் திறந்து வைத்திருக்கும், அனுமதி இருக்காது, அல்லது கோப்பின் பாதை 260 எழுத்துகளைத் தாண்டியிருக்கும். செயலியை மூடுவது, கணினியை மறுதொடக்கம் செய்வது, கோப்புறைப் பெயரைச் சுருக்குவது ஆகியவற்றிலேயே பல சிக்கல்கள் தீரும். அப்படியும் அடங்காததை, அடிப்படை நிரல்களுடன் மட்டும் விண்டோஸைத் தொடங்கும் சேஃப் மோடில் நீக்கிப் பார்க்கலாம்.

இவ்வளவு பொறுமை எதற்கு, தனி மென்பொருள் ஒரே சொடுக்கில் முடித்துவிடுமே என்பார்கள். ஆனால் அத்தகைய மென்பொருள் பெரும்பாலும் நிர்வாகி உரிமை கேட்கும். முகம் தெரியாதவர் எழுதிய நிரலுக்கு அதைத் தருவது வீட்டுச் சாவியை நீட்டுவதுதான். அந்த நிரலால் விண்டோஸின் அடிப்படைக் கோப்புறையான சிஸ்டம்32-இல் உள்ள கோப்புகள் தவறுதலாக அழிந்தால் விண்டோஸே இயங்காமல் போகலாம். கோப்பைப் பிடித்துவைத்திருக்கும் செயலியைக் காட்டும் ஃபைல் லாக்ஸ்மித் கருவியை மைக்ரோசாஃப்டே பவர்டாய்ஸ் தொகுப்பில் இலவசமாகத் தருகிறது. முதலில் காரணத்தை அறியுங்கள், பிறகு நீக்குங்கள்.