பழைய காமிராவுக்கு ஒரு குடை



விடுமுறைக்குக் குப்பம் சென்று திரும்பிய இளைஞர் ஒருவர், பாட்டனாரின் தகரப் பெட்டியில் கிடைத்த மடிப்புக் காமிரா ஒன்றைச் சென்ற மாதம் என்னிடம் கொண்டுவந்தார். ஒரு சுருள் பிலிம் போட்டுப் படமும் எடுத்துப் பார்த்திருந்தார். ரயில் நிலையம், கங்குந்தி மலை, வீட்டுப் பெரியோர் எல்லாமே பாலில் நனைத்தெடுத்தாற்போல் வெளிறிக் கிடந்தன. “லென்ஸ் கெட்டுவிட்டதா, ஐயா? விற்றுவிடலாமா?” என்றார். “விற்க வேண்டாம், தம்பி, அதற்கு ஒரு குடை பிடியுங்கள்” என்றேன். அதன் பொருளை இம்மாதம் விளக்குகிறேன்.

முதலில் ஒரு சோதனை. விளக்கொளி லென்ஸில் பிரதிபலிக்குமாறு பிடித்துப் பாருங்கள். பிரதிபலிப்பு நீலமாகவோ ஊதாவாகவோ தோன்றினால் அக்கண்ணாடிக்கு மேற்பூச்சு உண்டு. வெறும் வெண்மையாகத் தோன்றினால் பூச்சு இல்லை. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்மாகுலா என்னும் அறிஞர் இப்பூச்சு முறைக்கு 1935இல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே அது பரவலாயிற்று. ஆகவே அதற்கு முந்தைய காமிராக்களில் பெரும்பாலானவை பூச்சற்றவை.

பூச்சில்லாவிட்டால் என்ன கேடு? கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். மூன்று தனிக் கண்ணாடிகள் கொண்ட லென்ஸில் ஆறு பரப்புகள் உள்ளன. எனவே ஏறத்தாழ 22 பங்கு ஒளி நேர்வழியினின்று விலகுகிறது. அதில் பெரும்பகுதி வெளியேறிவிடும். எஞ்சிய சிறுபகுதி கண்ணாடிகளுக்கிடையே மோதி மோதிப் பிலிமின் மேல் மூடுபனிபோல் பரவும். கருமையாக இருக்க வேண்டிய நிழல்கள் சாம்பல் நிறமாவது இதனால்தான்.

இதற்கு முதல் மருந்து லென்ஸ் ஹூட் என்னும் முகப்பு மூடி. படத்தின் எல்லைக்குப் புறத்தேயிருந்து வரும் வெயிலையும் வான்வெளிச்சத்தையும் அது தடுத்து நிறுத்தும். பழைய லென்ஸ்களில் பலவற்றுக்குத் திருகு மரை இராது. செருகும் வகை ஹூடே பொருந்தும். அளவறிய ஒரு காகிதப் பட்டையை லென்ஸின் வெளிவிளிம்பைச் சுற்றிப் பிடித்து, அதன் நீளத்தை 3.14ஆல் வகுங்கள். பட்டை 100.5 மில்லிமீட்டர் இருந்தால் விட்டம் 32 மில்லிமீட்டர்.

கடையில் கிடைக்காவிடில் பளபளப்பில்லாத கறுப்புத் தாளைக் குழலாகச் சுருட்டிக்கொள்ளலாம். குழல் மிக நீண்டால் படத்தின் மூலைகள் இருண்டுவிடும். பிலிம் போடுமுன் பின்கதவைத் திறந்து, ஷட்டரை ‘பி’யில் வைத்துத் திறந்த நிலையிலே நிறுத்தி, பிலிம் சட்டத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் லென்ஸ் வழியே நோக்குங்கள். ஹூடின் விளிம்பு ஒளித்துளையை மறைத்தால் அதைச் சிறிது குறைத்து வெட்டுக. காமிராவை மடிக்குமுன் ஹூடைக் கழற்ற மறவாதீர்கள். ஒன்றுமே இல்லாதபோது அருகில் நிற்பவரின் குடை நிழலும் போதும். குடை படத்தினுள் நுழையாமல் பார்த்துக்கொண்டால் சரி.

அடுத்தது பில்டர். கறுப்பு வெள்ளைப் பிலிம் நீல ஒளியை மிகுதியாக ஏற்கும். அதனால் நீலவானம் வெள்ளைத் தாளாகிவிடும். 1858இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி, வெறுமையான வானத்தில் மேகங்களைத் தம் கையாலேயே நெகடிவில் தீட்ட நேர்ந்தது. நமக்கு அத்தொல்லை இல்லை. மஞ்சள் பில்டர் நீலத்தைக் குறைத்து மேகங்களைக் காட்டும். ஆனால் அதற்கு இருமடங்கு ஒளி வேண்டும். 11இல் எடுக்க வேண்டியதை 8இல் எடுக்க வேண்டும். ஆரஞ்சு பில்டருக்கு ஏறத்தாழ நான்கு மடங்கும், சிவப்புக்கு எட்டு மடங்கும் தேவை. குப்பத்துக் கருங்கற் பாறைகளுக்கும் தொலைவில் நீலம் படிந்த குன்றுகளுக்கும் மஞ்சளோ ஆரஞ்சோ பொருந்தும். வண்ணப் பிலிமில் இவற்றைப் பயன்படுத்தினால் படம் முழுதும் அந்நிறமே ஏறும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பில்டரும் கண்ணாடியே. அது இரண்டு புதிய பரப்புகளைச் சேர்க்கிறது. ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் மாட்டக்கூடாது. இயன்றால் பூச்சுள்ள பில்டரையே தேர்ந்தெடுத்து, அதன் முன்னே ஹூடையும் பொருத்துக. தேவையில்லாதபோது பில்டரைக் கழற்றிவிடுக.

இன்னொன்று: பழைய லென்ஸில் நீலச்சாயல் படிந்திருந்தால் அழுக்கென்று எண்ணித் தேய்க்காதீர்கள். அவ்வாறு நிறம் மாறிய கண்ணாடி கூடுதல் ஒளியைக் கடத்துவதை டென்னிஸ் டெய்லர் என்னும் ஆங்கில அறிஞர் 1890களிலேயே கண்டறிந்தார். பூச்சுக் கலைக்கு வித்திட்டது அக்குறைபாடே! வெண்புள்ளியும் நூலிழையும் பரவியிருந்தால் மட்டும் அது பூஞ்சை, பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணமுண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஊருக்குச் சென்றபோது, வேண்டாம் வேண்டாமென்ற என் அன்னையாரை வற்புறுத்தித் திண்ணையில் அமர்த்திப் படமெடுத்தேன். மாலை வெயில் லென்ஸின் மேல் நேரே விழுவதை நான் பொருட்படுத்தவில்லை. சேலைக் கரை தெரிகிறது. மடியிலிருந்த முறம் தெரிகிறது. முகத்தின் மேல் வெண்திரை. மறு ஆண்டு நான் சென்றபோது திண்ணை மட்டுமே இருந்தது. ஒரு முழக் கறுப்புத் தாள் அன்று என் கையில் இருந்திருக்கலாம்.

120 சுருளில் பெரிய அளவாக எடுத்தால் எட்டே படங்கள்தாம். பிலிமும் கழுவும் கூலியும் இன்று மலிவல்ல. ஊரிலுள்ள பெரியோரோ நமக்காகக் காத்திருப்பவர்கள் அல்லர். அடுத்த பயணத்திற்குப் பெட்டி கட்டும்போது காமிராவுடன் அதன் குடையையும் எடுத்து வையுங்கள்.